260 டிகிரியிலும் ஒளி குறையாத பாலிமர்: குடுவையிலிருந்து ஈரவெப்பச் சோதனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அது காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் வைத்து அளந்த கணக்கு. அதே மதியம் சாலையோரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த தொலைத்தொடர்பு இரும்புப் பெட்டிக்குள் எவ்வளவு இருந்திருக்கும் என்று கத்திரி வெயிலில் பைக் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர் இது. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை–அந்தமான் கேபிள் மட்டுமே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அந்தக் கேபிளுக்குள் ஒளி ஓடும் இழை கண்ணாடி. வெயில் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் இழையின் மேல்பூச்சு, இழையைச் சிப்போடு ஒட்டும் பசை, சிப்பின் மேலேயே ஒளியை வேண்டிய பக்கம் கொண்டுபோகும் மெல்லிய பாதைகளான அலைவழிகள் ஆகியவற்றில் பாலிமர் இருக்கிறது. சூடு அங்கேதான் வேலையைக் காட்டும். இந்த வழிகாட்டி கடைசியாகச் சொன்ன அலைவழிக்கான பாலிமர் படலத்தைப் பற்றியது: சிலிக்கான் வேஃபர் (மெல்லிய வட்டத் தகடு) மேல் பூசி, 1310 அல்லது 1550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைக் கடத்தும் படலம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இந்த வேலைக்கு வருகிற வேதியியல் மாணவர்கள் முதலில் காட்டுவது டிஜிஏ வரைபடத்தைத்தான், அதாவது சூடேற்றிக்கொண்டே எடையை அளக்கும் சோதனை. "சார், 500 டிகிரி வரைக்கும் எடை குறையவே இல்லை!" நல்லது. ஆனால் எடை குறையாததால் ஒளி குறையாது என்று ஆகிவிடாது. பாலிமரின் ஒரு சதவீதம்கூட ஆவியாகாமல் இருக்கும்போதே படலம் பழுப்பேறலாம், விரிசல் விடலாம், ஒளிவிலகல் எண் நகர்ந்துவிடலாம். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு படியிலும் கேள்வி ஒன்றுதான்: சுட்ட பிறகு ஒளிக்கு என்ன ஆனது?

படி 1: எந்தச் சூடு, எவ்வளவு நேரம்?

ஒரு தாளை எடுத்து மூன்று வெப்பநிலைகளை எழுதுங்கள். முதலாவது, பலகையில் பற்றவைக்கும்போது வருவது. ஈயமில்லாப் பற்றாசு 217 டிகிரியில் உருகத் தொடங்கும், அடுப்பின் உச்சம் 260 வரை போகும். உச்சத்தில் இருப்பது அரை நிமிடம்தான், ஆனால் ஒரே பலகை மூன்று முறைகூட அந்த அடுப்புக்குள் போய்வரலாம். இரண்டாவது, வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டிய இயங்கும் வெப்பநிலை. வழக்கமான வரம்பு மைனஸ் 40 முதல் 85 டிகிரி. தரவைப் பிரித்தனுப்பும் ஸ்விட்ச் சிப்புக்குப் பக்கத்திலேயே ஒளியியலை வைக்கும் புதிய வடிவமைப்புகளில் இது 100 டிகிரியைத் தாண்டும். மூன்றாவது, படலத்தின் மேல் உலோகம் படியவைக்கும்போது வரும் சூடு.

பாலிமரின் கண்ணாடி மாற்ற வெப்பநிலை, அதாவது இறுகிய பொருள் ரப்பர்போல இளகத் தொடங்கும் இடம், இந்த மூன்றில் மிகப் பெரியதைவிட மேலே இருக்க வேண்டும். நான் குறைந்தது 40 டிகிரி இடைவெளி விடுவேன். அப்படிப் பார்த்தால் பற்றவைப்பு அடுப்பைத் தாண்ட வேண்டிய பொருளுக்கு 300 டிகிரி தேவை. பற்றவைத்து முடித்த பிறகு ஒட்டப்படும் பாகம் என்றால் இவ்வளவு கடுமை வேண்டாம். இந்த ஒரு கேள்வியை முதலிலேயே கேட்காமல், தேவையில்லாத பொருளுக்கு இரண்டு வருடம் உழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படி 2: எந்தப் பிணைப்பு ஒளியைக் குடிக்கிறது?

கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு இடைவிடாமல் அதிர்கிறது. அதன் அடிப்படை உறிஞ்சல் 3.4 மைக்ரோமீட்டர் அருகே. இது நமக்குத் தூரம்தான், ஆனால் அதன் மேல்சுரங்கள், அதாவது அதே அதிர்வின் ஏறத்தாழ இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வெண்கள், 1.7 மைக்ரோமீட்டர் அருகிலும் 1.15 அருகிலும் விழுகின்றன, நடுவில் 1.4 அருகே ஒரு கலவை உறிஞ்சலும் உண்டு. நம்முடைய 1310-ம் 1550-ம் (1.31, 1.55 மைக்ரோமீட்டர்) இந்த மேடுகளுக்கு இடையே உள்ள பள்ளங்கள். இரண்டில் 1550 இன்னும் மோசம், ஏனெனில் 1.7-இன் சரிவு அங்கேயும் எட்டுகிறது.

ஹைட்ரஜனை எடுத்துவிட்டுக் கனமான அணுவை வைத்தால் அதிர்வு மெதுவாகும், உறிஞ்சல் நீண்ட அலைநீளத்துக்கு ஒதுங்கும். கார்பன்–ஃபுளோரின் பிணைப்பின் அடிப்படை உறிஞ்சல் 8 மைக்ரோமீட்டர் அருகே. அதன் மேல்சுரம் நம் பகுதிக்கு வந்து சேர்வதற்குள் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போய்விடும். டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) வைத்தாலும் பலன் உண்டு, காசு எரியும். ஆக்ஸிஜன்–ஹைட்ரஜன் பிணைப்போ பரம எதிரி. அதன் மேல்சுரம் 1.4-ஐ ஒட்டி அகலமாக உட்கார்ந்திருக்கும். பாலிமர் குடித்த ஈரமும் அதே இடத்தில்தான் ஒளியைத் தின்னும். கடற்கரை ஊரில் இருக்கும் நமக்கு இது சும்மா தகவல் இல்லை.

படி 3: பொருளைத் தேர்ந்தெடுப்பது

கார்களுக்குள்ளும் வீட்டு இணைப்புகளிலும் வரும் பிளாஸ்டிக் ஒளியிழை பிஎம்எம்ஏ என்ற அக்ரிலிக். அதன் கண்ணாடி மாற்றம் சுமார் 105 டிகிரி, ஓடுவது 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. நம் வேலைக்கு ஆகாது. பாலிகார்பனேட் 150-ஐத் தொடும், அதற்கு மேல் இல்லை. முழுக்க ஃபுளோரின் ஏறிய சைடாப் ஒளியில் அருமையான பொருள், ஆனால் 108 டிகிரியிலேயே இளகும். டெஃப்லான் ஏஎஃப் 2400-க்கு 240 டிகிரி உண்டு, ஒளிவிலகல் எண் 1.29 என்பதால் ஒளி ஓடும் பகுதியைச் சுற்றும் உறையாக வைக்கலாம், மேலே வேறு எதையும் ஒட்டவைப்பதுதான் பெரும்பாடு. சிலிகோன் வகைகள் பலகைமேல் போகும் 850 நானோமீட்டர் இணைப்புகளுக்கு நன்றாக ஒத்துவரும்.

சூடும் ஒளியும் ஒன்றாக வேண்டுமென்றால் நான் நிற்பது ஃபுளோரின் ஏற்றிய பாலிஇமைடுகளின் பக்கம். சாதாரண பாலிஇமைடு தேன் நிறத்தில் இருக்கும். ஒரு பாலிமர் சங்கிலியின் எலக்ட்ரான் மிகுந்த பகுதியும் அடுத்த சங்கிலியின் எலக்ட்ரான் குறைந்த பகுதியும் நெருங்கி நிற்பதால் வரும் நிறம் அது. பருத்த டிரைஃபுளோரோமெத்தில் கூட்டங்களை இடையில் நுழைத்தால் சங்கிலிகள் விலகும், நிறம் வெளுக்கும், ஹைட்ரஜன் எண்ணிக்கையும் குறையும். ஜப்பானின் என்டிடி நிறுவன ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்தில் இந்த வழியில்தான் போனார்கள். 6எஃப்டிஏ என்ற டைஅன்ஹைட்ரைடும் (இரு முனையிலும் அன்ஹைட்ரைடு வளையம்) டிஎஃப்டிபி என்ற டையமைனும் (இரு முனையிலும் அமைன்) சேர்ந்த பாலிமர் 335 டிகிரி அருகில்தான் இளகும். இனி அதையே எடுத்துக்காட்டாகக் கொண்டு போவோம்.

படி 4: குடுவைக்குள் – நம் ஊர் ஈரத்தோடு ஒரு சண்டை

மூலப்பொருள் இரண்டுமே விலை அதிகம். கை பழகும் வரை பிஎம்டிஏ, ஓடிஏ என்ற மலிவான ஜோடியில் செய்து பாருங்கள். சந்தையில் கிடைக்கும் கேப்டன் (Kapton) என்ற பாலிஇமைடு படலத்தின் வேதியியல் அதுவே.

அளவைப் பார்ப்போம். 6எஃப்டிஏ 4.44 கிராம், அதாவது 10 மில்லிமோல். டிஎஃப்டிபி 3.20 கிராம், அதுவும் 10 மில்லிமோல். மொத்தத்தில் 15 சதவீதம் திடப்பொருள் இருக்க வேண்டுமென்றால் கரைப்பான் என்எம்பி சுமார் 43 கிராம். இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தால்தான் சங்கிலி நீளும். ஒரு பக்கம் ஒரு சதவீதம் குறைந்தாலே சராசரியாக 199 அலகுகளோடு சங்கிலி நின்றுவிடும், இரண்டு சதவீதம் குறைந்தால் 99. எடைபோடும் தாளில் ஒட்டிக்கொண்ட பொடியைக்கூடக் கழுவி உள்ளே சேர்ப்பது இதனால்தான்.

சரி, இப்போது ஈரத்துக்கு வருவோம். மூடி சரியாகப் போடாத என்எம்பி பாட்டிலில் 0.1 சதவீதம் தண்ணீர் ஏறுவது சென்னையில் பெரிய விஷயமே இல்லை. 43 கிராமில் 0.1 சதவீதம் என்றால் 43 மில்லிகிராம், அதாவது 2.4 மில்லிமோல் தண்ணீர். குடுவையில் இருக்கும் அன்ஹைட்ரைடு முனைகள் மொத்தமே 20 மில்லிமோல். தண்ணீர் முழுவதும் அவற்றின் வளையத்தைத் திறந்துவிட்டால் நூற்றுக்குப் பன்னிரண்டு முனைகள் அவுட். சங்கிலி பதினைந்து, பதினாறு அலகோடு முடிந்துபோகும். அந்தக் கரைசலில் செய்த படலம் வேஃபரிலிருந்து உரிக்கும்போதே அப்பளமாக நொறுங்கும். அமைன் தண்ணீரைவிட வேகமாக வினைபுரிவதால் நடைமுறையில் இவ்வளவு கெடாது. ஆனாலும் தண்ணீரை 50 பிபிஎம்முக்குக் கீழே வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அப்போது சேதம் 0.6 சதவீதத்தோடு நிற்கும்.

அதற்கான வழி: மாலிகுலர் சீவ் என்ற ஈரமுறிஞ்சும் மணிகளை 300 டிகிரியில் காயவைத்து, ஆறியதும் என்எம்பியில் இரண்டு நாள் போட்டு வையுங்கள். கார்ல் ஃபிஷர் கருவியில் ஈரத்தை அளந்து பார்க்காமல் "காய்ந்திருக்கும்" என்று நம்ப வேண்டாம். டைஅன்ஹைட்ரைடை வெற்றிட அவனில் 150 டிகிரிக்கு மேல் ஓர் இரவு விட்டால், திறந்திருந்த வளையங்கள் மறுபடி மூடிக்கொள்ளும். பிறகு நைட்ரஜன் ஓடும் குடுவையில் டையமைனை முதலில் முழுதாகக் கரைத்து, அதன்பின் டைஅன்ஹைட்ரைடைப் பொடியாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வரிசையை மாற்றினால் அன்ஹைட்ரைடு கரைப்பானில் தனியாகக் கிடந்து, தண்ணீருக்கு விருந்து வைத்ததுபோல ஆகும். டிஎஃப்டிபி கொஞ்சம் மந்தமான அமைன், எனவே ஒரு முழு நாள் கலக்கட்டும். கரைசல் தேன்போலக் கனத்து, கலக்கும் காந்தம் திணற ஆரம்பித்தால் நல்ல சகுனம்.

என்எம்பி கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய கரைப்பான். புகைவெளியேற்றி இல்லாத மேசையில் அதைத் திறக்காதீர்கள். மெல்லிய நைட்ரைல் கையுறை அதை அதிக நேரம் தடுக்காது, பியூட்டைல் ரப்பர் கையுறை வாங்குங்கள்.

இப்படிக் கிடைப்பது பாலிஅமிக் அமிலம், சுட்டு வளையத்தை மூடும்வரை இமைடு ஆகாது. இதை மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்கவே கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் மேல் முத்து முத்தாக வியர்க்கிறதல்லவா, அந்த வியர்வை பாட்டிலுக்குள்ளும் இறங்கும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை சும்மா விடுங்கள்.

படி 5: பூசுவதும் சுடுவதும்

கரைசலை 0.2 மைக்ரோமீட்டர் டெஃப்லான் வடிகட்டி வழியாக மெதுவாகத் தள்ளி வடிகட்டி, குமிழி அடங்க ஓர் இரவு விடுங்கள். வேஃபரில் அமினோசிலேன் ஒட்டுப்பூச்சு கொடுத்த பிறகு ஸ்பின் கோட்டிங், அதாவது வேஃபரைச் சுழற்றிக் கரைசலைப் பரப்புவது. நிமிடத்துக்கு 1500 முதல் 3000 சுற்றுக்குள் நமக்கு வேண்டிய தடிமனைப் பிடித்துவிடலாம்.

ஒரு டிசம்பர் மழையில் நான் பூசிய படலங்கள் எல்லாம் சுழற்சி முடிந்து அரை நிமிடத்தில் பால் ஊற்றியதுபோல வெளுத்துப் போயின. மூலப்பொருளைச் சந்தேகப்பட்டேன், வடிகட்டியைச் சந்தேகப்பட்டேன், வேஃபர் கழுவிய தம்பியைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் சுவரில் மாட்டியிருந்த ஈரப்பதமானியைப் பார்த்தேன். 78 சதவீதம். என்எம்பி காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கிறது, தண்ணீரில் கரையாத பாலிமர் நுண்துகளாகப் பிரிகிறது, அவ்வளவுதான். அப்புறம் ஈரமுறிஞ்சி வைத்து அறையை 40 சதவீதத்துக்குக் கொண்டுவந்தோம். ஸ்பின்னரின் மூடிக்குள் காய்ந்த நைட்ரஜன் விட்டோம். சுழற்சி நின்ற பத்து விநாடிக்குள் வேஃபர் சூடான தட்டுக்குப் போக வேண்டும் என்று விதி வைத்தோம். பிரச்சினை போயே போச்சு.

சுடும் அட்டவணை: நைட்ரஜனில் 70 டிகிரியில் இரண்டு மணி நேரம், 160-இல் ஒரு மணி, 250-இல் அரை மணி, 350-இல் ஒரு மணி. முதல் கட்டம் கரைப்பானை விரட்டும், நடுவில் வளையம் மூடித் தண்ணீர் வெளியேறும், கடைசிக் கட்டம் மிச்சத்தை முடித்துவைக்கும். அவசரப்பட்டு ஏற்றினால் உள்ளிருந்து வரும் நீராவி படலத்தைப் பூரியாக உப்பவைக்கும். நிமிடத்துக்கு 2 முதல் 4 டிகிரி போதும். 250-க்கு மேல் துளி ஆக்ஸிஜன் இருந்தாலும் நிறம் மாறும். பழுப்பேறிய படலம் வந்தால் பாலிமரைத் திட்டும் முன் நைட்ரஜன் குழாய் இணைப்பைச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

இமைடு ஆனதா என்று அகச்சிவப்பு நிறமாலை சொல்லும்: 1780, 1720, 1380 அலையெண்களில் மேடுகள் வர வேண்டும், 1650 அருகிலுள்ள அமைடு மேடு மறைய வேண்டும். மிச்சமிருக்கும் ஒவ்வொரு அமிலக் கூட்டமும் ஓர் ஆக்ஸிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு. அது ஒளியையும் தின்னும், பின்னாளில் ஈரத்தையும் வரவேற்கும்.

படி 6: ஆறும்போது வரும் இழுவிசை

இந்தப் பாலிமர் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 50 பங்கு சுருங்கும், சிலிக்கான் 2.6 பங்குதான் சுருங்கும். விறைப்புக் குணகம் 3 ஜிகாபாஸ்கல், பாய்சன் விகிதம் 0.35 என்று வைத்து, 300 டிகிரி ஆறும்போது படலத்தில் எவ்வளவு இழுவிசை நிற்கும் என்று கணக்கிட்டால் கிட்டத்தட்ட 65 மெகாபாஸ்கல் வரும். பட்டுப் புடவையை இழுத்துப் பிடித்ததுபோல படலம் எப்போதும் இழுபட்டே இருக்கிறது. தடிமன் ஏற ஏற, மூலைகளில் விரிசல் தொடங்கும். 350-லிருந்து மெதுவாக, நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஆறவிடுங்கள்.

இதே இழுவிசையும் சுழற்றும்போது சங்கிலிகள் தட்டையாகப் படுத்துக்கொள்வதும் சேர்ந்து இன்னொரு வேலை செய்யும். படலத்தின் தளத்தில் அதிரும் ஒளிக்கு ஓர் ஒளிவிலகல் எண், செங்குத்தாக அதிரும் ஒளிக்கு வேறோர் எண். ப்ரிஸம் கப்ளரில் இரண்டையும் தனித்தனியே அளந்து எழுதி வையுங்கள். விறைப்பான சங்கிலியில் இந்த வித்தியாசம் பெரிது, வளைந்துகொடுக்கும் சங்கிலியில் சிறிது. சூடு தாங்க விறைப்பு வேண்டும், ஒளி சீராகப் போக வளைவு வேண்டும். இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி இது.

படி 7: உள்ளகமும் உறையும்

ஒளி ஓடும் உள்ளகத்தின் எண் சுற்றியிருக்கும் உறையைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். 8 மைக்ரோமீட்டர் சதுர உள்ளகத்துக்கு 1550-இல் 0.3 சதவீத வித்தியாசம் போதும், ஒளி ஒரே வடிவில் (ஒற்றை முறைமை) ஓடும். இரண்டுக்கும் ஒரே குடும்பப் பாலிமரை வையுங்கள்: டிஎஃப்டிபியோடு 6எஃப்டிஏவை மட்டும் சேர்த்தால் உறை, கொஞ்சம் பிஎம்டிஏ கலந்தால் எண் ஏறி உள்ளகம். ஆக்ஸிஜன் பிளாஸ்மாவில் அரித்து வடிவம் எடுக்கலாம். பக்கச் சுவர் சொரசொரப்பாக இருந்தால் ஒளி சிதறும், எனவே அழுத்தத்தையும் திறனையும் மாற்றி மாற்றிப் பார்த்து மின்னணு நுண்ணோக்கியில் சுவரைச் சோதியுங்கள்.

ஒரே குடும்பம் என்று வற்புறுத்தக் காரணம் உண்டு. பாலிமரின் ஒளிவிலகல் எண் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் பத்தாயிரத்தில் ஒன்று குறையும், சிலிக்காவைவிடப் பத்து மடங்கு வேகம், அதுவும் எதிர்த் திசையில். 60 டிகிரி ஏறினால் 0.006 போய்விடும். நாம் வைத்த வித்தியாசமே 0.0046-தான். உறை வேறு பொருளாக இருந்தால் நடுக்கோடையில் அலைவழியே காணாமல் போகலாம். ஒரே குடும்பம் என்றால் இரண்டும் சேர்ந்து இறங்கும்.

அலைநீளங்களைப் பிரிக்கும் கருவி செய்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. சிலிக்கான் மேல் உட்கார்ந்த பாலிமர் வடிகட்டி டிகிரிக்கு சுமார் 0.1 நானோமீட்டர் நகரும். 100 ஜிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் பக்கத்துச் சேனல் 0.8 நானோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. எட்டு டிகிரி மாறினால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும். சிலிக்கானுக்குப் பதில், டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 65 பங்கு விரியும் பாலிமர் அடித்தளத்தில் வைத்தால் விரிவும் எண்ணின் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

படி 8: அளப்பது, சுடுவது, மறுபடி அளப்பது

டிஜிஏ செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நிமிடத்துக்கு 10 டிகிரி ஏற்றும் வரைபடத்தோடு நிறுத்தாமல், 300 டிகிரியில் பத்து மணி நேரம் நிறுத்தி வைத்தும் பாருங்கள். நைட்ரஜனில் ஒரு முறை, காற்றில் ஒரு முறை. வெப்ப ஓட்டத்தை அளக்கும் டிஎஸ்சியில் இரண்டாவது சூடேற்றத்தை நம்புங்கள், முதல் ஓட்டத்தில் ஈரமும் பழைய இழுவிசையும் கலந்திருக்கும். விறைப்பான பாலிஇமைடில் டிஎஸ்சி சுணங்கும், அங்கே படலத்தை ஆட்டி விறைப்பை அளக்கும் டிஎம்ஏ தெளிவாகக் காட்டும். சொந்தக் கருவி இல்லாதவர்கள் கிண்டியிலுள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் நிறுவனமான சிபெட்டிலும், ஐஐடி மெட்ராஸின் பகுப்பாய்வுக் கருவி மையத்திலும் கட்டணம் கட்டி அளக்கலாம். சாம்பிளை ஈரம் புகாத டெசிகேட்டர் பையில் எடுத்துப் போங்கள். பேருந்தில் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுபோன படலம் வழியிலேயே ஈரம் குடித்துவிடும்.

முக்கியமான அளவு ஒளி இழப்பு. 5 சென்டிமீட்டர் அலைவழியில் அளந்து, வெட்டி 4, 3, 2 என்று அளந்து, வரும் கோட்டின் சரிவே சென்டிமீட்டருக்கான இழப்பு. ஒரே ஒரு நீளத்தில் அளந்தால் இழையோடு இணைக்கும் இடத்தின் இழப்பும் சேர்ந்துகொண்டு பொய் சொல்லும். 1310-இல் சென்டிமீட்டருக்கு 0.3 டெசிபெல்லுக்குள் வந்தால் பிழைத்தோம்.

பிறகு அதே வேஃபரின் துண்டுகளை 260 டிகிரி அடுப்பில் மூன்று சுற்று விடுங்கள். அதற்கு முன் 125 டிகிரியில் ஒரு நாள் காயவையுங்கள். அறையில் ஈரம் குடித்த படலம் நேராக அடுப்புக்குப் போனால் உள்ளே நீராவி பொங்கி, அடுக்குகள் பொரிபோல வெடித்துப் பிரியும். வெளியே வந்ததும் இழப்பு, இரண்டு ஒளிவிலகல் எண்கள், நுண்ணோக்கியில் விரிசல், ஒட்டுநாடா வைத்து உரிக்கும் சோதனை.

படி 9: வருடங்களைச் சுருக்குவது

வழக்கமான ஈரவெப்பச் சோதனை 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம், 2000 மணி நேரம் வரை. அதோடு மைனஸ் 40-க்கும் 85-க்கும் இடையே நூற்றுக்கணக்கான சுற்றுகள். உலர்ந்த சூட்டில் முதுமையை விரைவுபடுத்த வேண்டுமென்றால், சூடு ஏற ஏற வினை எவ்வளவு வேகமெடுக்கும் என்று சொல்லும் அரீனியஸ் சமன்பாடு. சிதைவின் கிளர்வு ஆற்றல் 0.7 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்தால் 125 டிகிரி, 85 டிகிரியைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வேகம். 125-இல் 2000 மணி நேரம் ஓட்டினால் 85-இல் இரண்டு வருடத்துக்குச் சற்று மேல். ஆனால் அந்த 0.7-ஐ யாரோ எழுதியதிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். 125, 150, 175 என்று மூன்று இடங்களில் ஒளி இழப்பு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளந்து உங்கள் பொருளின் எண்ணை நீங்களே எடுங்கள். மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் விழவில்லை என்றால் வேறு வேறு வினைகள் நடக்கின்றன என்று அர்த்தம். அப்போது கீழ் வெப்பநிலைக்கு நீட்டிக் கணக்குப் போடுவது செல்லாது.

மின்புலத்தால் ஒளியை மாற்றி அதில் செய்தியை ஏற்றும் மாடுலேட்டர் பாலிமர் செய்பவர்கள் இங்கே கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். அவற்றில் சாய மூலக்கூறுகளை மின்புலத்தில் ஒரே திசைக்கு வரிசைப்படுத்தி உறையவைத்திருப்பார்கள். கண்ணாடி மாற்ற வெப்பநிலைக்கு வெகு கீழேயே, 85 டிகிரியிலேயே, அந்த வரிசை மெல்லக் கலையத் தொடங்கலாம். எடை, நிறம், தடிமன் எல்லாம் அப்படியே இருக்கும், மாடுலேட்டர் மட்டும் வேலை செய்யாது. ஆகவே அவர்கள் வாரம் ஒரு முறை மின்–ஒளிக் குணகத்தையே நேராக அளக்க வேண்டும்.

ஒவ்வொரு வேஃபரிலும் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பாமல் நைட்ரஜன் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். 1400 மணி நேரம் கழித்து இழப்பு திடீரென்று ஏறினால் அது பாலிமரா, அளக்கும் லேசரா, இழையின் முனையில் ஒட்டிய தூசியா என்று சொல்ல அந்தத் துண்டு வேண்டும். துண்டின் பின்புறத்தில் பூசிய தேதி, கரைசல் எண், அன்றைய ஈரப்பதம் மூன்றையும் வைர முனையால் கீறி வையுங்கள். மார்க்கர் பேனாவில் எழுதியது 350 டிகிரியில் பறந்துவிடும்.